கரட்டோடைக் கரையில் பதினேழு ஓட்டைகள்

ஓட்டை அடைப்பதற்காக அரசாங்கம் எனக்கு இருபத்தாறு வருடம் சம்பளம் கொடுத்தது. ஒரே ஒரு தடவை, அடைக்க மாட்டேன் என்று சொன்னதற்காக மெமோவும் கொடுத்தது. சம்பளம் அந்தந்த மாதமே செலவாகிவிட்டது. மெமோவுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கல்யாண ஆல்பம் கேட்டால் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவேன். என் மனைவி ஜெரினாவுக்கு இதில் ரொம்ப நாளாக வருத்தம்.

நான் கரைக்காவலராக இருந்தவன். துறைக்குள் பழைய பெயர் லஸ்கர். பனமரத்துப்பட்டிக்குத் தெற்கே, கரட்டோடை என்று ஒரு ஓடை. மழை பெய்தால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும். மழை இல்லாத நாளில் அங்கங்கே குட்டையாகத் தேங்கி, கொக்குகளுக்குச் சோறு போடும். அதன் மண் கரையில் தினமும் காலையில் நடக்க வேண்டும். ஓட்டை, விரிசல், சரிவு கண்ணில் பட்டால் சரிசெய்து பதிவேட்டில் எழுத வேண்டும். இதுதான் என் வேலை. இரண்டு முட்டியும் ஒத்துழைக்க மறுத்ததால் ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கினேன். விருப்பம் முட்டியுடையது.

போன வாரம், என் இடத்துக்கு வந்திருக்கும் செல்வி போன் செய்தார்.

“பாய், இப்பெல்லாம் செல்போன்லதான் ஏத்தோணும். ஓட்டை இருக்குதான்னு ஆப் கேக்குது. ஆமான்னு அழுத்துனா, அடைச்சாச்சான்னு கேக்குது. இல்லைன்னு அழுத்துனா மேப்புல ஒரு செவப்புப் புள்ளி வெச்சுருது. அடைக்கற வரைக்கும் அது போவாது. மேல இருந்து போன் மேல போன்.”

“அடைச்சுட வேண்டியதுதானே?”

“உள்ள குருவி இருக்குதே பாய். நீங்க அந்தக் காலத்துல என்ன பண்ணுனீங்க?”

அந்தக் காலமாம்! பத்துப் பன்னிரண்டு வருடம்கூட ஆகவில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டார். போனில் பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சேலத்தில் அத்தாவுக்குச் சாக்குக் கடை. பழைய கோணிகளை வாங்கி, கிழிசல் தைத்து விற்கிற வியாபாரம். அந்தத் தூசியில் தும்மித் தும்மியே சாக வேண்டாம் என்று அரசு வேலைக்கு எழுதிப் போட்டேன், கிடைத்தது. முதல் நாள் ஒரு மம்பட்டி, ஒரு இரும்புக் கம்பி, ஒரு டார்ச் கொடுத்தார்கள். கம்பி எதற்கு என்று கேட்டேன். “ஓட்டைக்குள்ள உட்டுப் பாக்கறதுக்கு. பாம்பு இருந்தா தெரியும்” என்றார்கள். அன்றைக்கே வேலையை விட்டிருக்க வேண்டும்.

எனக்குப் பாம்பு என்றால் ஆகாது. படத்தில் வந்தால்கூடக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வேன். “இந்த ஆளுக்கு ஓடைக்கரைல வேலை குடுத்தாங்களே, அவங்களச் சொல்லணும்” என்று ஜெரினா இன்றைக்கும் சிரிப்பாள். இருபத்தாறு வருடமும் இரும்புக் கம்பியால் தரையைத் தட்டிக்கொண்டு, நான் வருகிறேன் என்று சுற்றுவட்டாரத்துக்கே அறிவித்துக்கொண்டுதான் நடந்தேன். அந்தச் சத்தத்துக்குக் கீரி ஒதுங்கும், உடும்பு கரையேறி ஓடும், நீர்க்கோழி நாணலுக்குள் புகுந்துகொள்ளும். செம்போத்து மட்டும் வேலியில் உட்கார்ந்து, யார் இந்தக் கோமாளி என்று சிவந்த கண்ணால் பார்க்கும். அப்போது எனக்கு இவை எல்லாமே தொழில் எதிரிகள். கரையைத் தோண்டுகிறவர்கள் ஒரு கட்சி, தோண்டாதவர்கள் ஒரு கட்சி. இயற்கை பற்றிய என் ஞானம் அவ்வளவுதான்.

ஓட்டை அடைப்பதில் மட்டும் நான் கெட்டிக்காரன். இதில் அடக்கம் காட்டப் போவதில்லை. முதலில் கம்பியை விட்டு ஆழம் பார்க்க வேண்டும். பிறகு வாயைச் சுரண்டி, உதிர்கிற மண்ணை எல்லாம் எடுத்து, கெட்டி மண் தெரிகிறவரை போக வேண்டும். களிமண்ணில் வைக்கோல் நறுக்கிப் போட்டு, கொழுக்கட்டைக்குப் பிசைவதுபோலப் பிசைந்து, உருண்டை உருண்டையாக உள்ளே தள்ளி, ஒவ்வொரு உருண்டைக்கும் மரக்கட்டையால் இடிக்க வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக அடைத்தால் நடுவில் காற்று நிற்கும். மழையில் அந்த இடம்தான் முதலில் வாயைத் திறக்கும். ஒரு சாண் ஓட்டை போதும். தண்ணீர் உள்ளே புகுந்து மண்ணை அரித்து, காலையில் கரை இருந்த இடத்தில் வாய்க்கால் இருக்கும்.

இதை எனக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்தவர் பிரிவின் உதவிப் பொறியாளர். மேடம் என்றே எழுதுகிறேன். பெயரைப் போட்டால், “ஏன் போட்டீங்கன்னு எழுதிக் குடுங்க” என்பார். எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரே பதில்தான். லீவு வேண்டும் என்றாலும் எழுதிக் குடுங்க, டீ வேண்டுமா என்று கேட்டாலும் ஏறக்குறைய எழுதிக் குடுங்க. குரலை உயர்த்தியதே இல்லை. வெயிலோ மழையோ, கறுப்புக் குடை ஒன்று இடது கையில் இருக்கும். வலது கையில் என் கம்பியை வாங்கிக்கொண்டு, நான் அடைத்த ஓட்டைகளைக் குத்திப் பார்ப்பார். கம்பி இறங்காவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுவார். பாராட்டு அதுதான். இறங்கினால் திரும்பி என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் களிமண்ணை அப்படிப் பிசைந்தேன்.

மெமோ வாங்கிய வருடம், மே மாதம். திங்கட்கிழமை பெரிய அதிகாரி கரையைப் பார்க்க வருகிறார் என்றும், அதற்குள் கரையில் ஓட்டை என்ற பேச்சே இருக்கக் கூடாது என்றும் மேலிருந்து உத்தரவு வந்தது. வியாழக்கிழமை விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு நேராகக் கரைக்குப் போனேன். ஒன்பது மணிக்குள் பதினேழு ஓட்டை. ஒரே ஆள், ஒரே காலை. யாருக்காவது சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரும் இல்லாததால் டீக்கடைக்குப் போய் டீ மாஸ்டரிடம் சொன்னேன். அவர் வடையைத் திருப்பிப் போட்டார்.

டீ குடித்து முடித்தபிறகுதான் கம்பியைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. எடுக்கப் போனேன்.

கரைக்கு மேலே பச்சை நிறத்தில் சிறு குருவிகள் பத்துப் பதினைந்து பறந்துகொண்டிருந்தன. பஞ்சுருட்டான்கள். தினமும் மின்கம்பியில் உட்கார்ந்து தட்டான் பிடிக்கிற அதே கூட்டம்தான். ஆனால் அன்றைக்கு உட்காரவில்லை. ஒவ்வொன்றும் வாயில் ஒரு தட்டானோ தேனீயோ வைத்துக்கொண்டு கரையின் முகத்துக்கு நேராக வரும், அந்தரத்தில் படபடவென்று நிற்கும், திரும்பிப் போகும், மறுபடி வரும். எதற்கு இப்படிச் செய்கின்றன என்று சிரித்துக்கொண்டே பார்த்தேன். ஒரு குருவி, நான் அடைத்த ஈரக் களிமண்ணில் ஒட்டி நின்று, அலகில் பூச்சியை வைத்துக்கொண்டே அதைக் கொத்தியது. அலகில் மண் ஒட்டியது. பூச்சியை மட்டும் விடவில்லை.

என் சிரிப்பு அங்கே நின்றது.

பதினெட்டு வருட அனுபவம் உள்ள ஒரு கரைக்காவலர் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? நிதானமாக யோசித்திருக்க வேண்டும். நான் செருப்பை எங்கே விட்டேன் என்றுகூட இன்றுவரை தெரியாது. கரைச் சரிவில் சறுக்கி விழுந்து, “யா அல்லாஹ், யா அல்லாஹ்” என்று கத்திக்கொண்டே, கட்டையால் இடித்து இடித்து நானே கெட்டிப்படுத்திய களிமண்ணை வெறும் கையால் தோண்டினேன். என் தொழில் சுத்தத்தை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகச் சபித்தேன். நகம் பெயர்ந்தது, களிமண் பெயரவில்லை.

சத்தம் கேட்டு, கரைக்கு அந்தப் பக்கம் மரவள்ளிக் காட்டில் இருந்து பழனியப்பண்ணா ஏறி வந்தார். நாலு ஏக்கர் மரவள்ளி, ஓடைக்கரையை ஒட்டியே. கரை உடைந்தால் முதலில் போவது அவர் காடுதான்.

“ஏனுங்க பாய், பாம்பு கடிச்சுப் போட்டுதா?”

“குருவிண்ணா! உள்ள வெச்சு அடைச்சுட்டேண்ணா!”

அவர் என்னையும் குருவிகளையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்க உங்க சாமியக் கூப்புட்டுட்டே இருங்க. நான் போயி மம்பட்டி கொண்டாரேன்” என்று இறங்கினார்.

தோண்டும்போதுதான் கவனித்தேன். இத்தனை வருடமாக எல்லா ஓட்டையையும் ‘எலி வளை’ என்று பதிவேட்டில் எழுதி வந்திருக்கிறேன். எலி வளை வாயில் காய்ந்த புல் கிடக்கும். நண்டு வளை வாயில் மண் உருண்டைகள் கிடக்கும். குருவி ஓட்டையின் அடித்தரையில் இரண்டு கோடுகள் இருக்கும், மாட்டுவண்டித் தடம்போல. உள்ளே போய் வரும்போது இரண்டு காலும் தேய்த்த தடம். பதினெட்டு வருடம் அந்தக் கோட்டுக்கு மேலேயே கம்பியை விட்டிருக்கிறேன். கண் இருந்தது, பார்க்கவில்லை.

பதினேழில் பத்துக்கு அந்தக் கோடு இருந்தது. பத்தையும் திறந்தோம். நல்லவேளையாக ஓட்டை ஒவ்வொன்றும் கை நீளத்தைவிட ஆழம். என் களிமண் பாதி தூரம்தான் போயிருந்தது. காதை வைத்தால் உள்ளே கிரீச் கிரீச்சென்று சத்தம். ஒன்பதில் சத்தம் வந்தது. ஒன்றில் வரவில்லை. அந்த ஓட்டை எனக்கு நன்றாக நினைவிருந்தது. சின்ன ஓட்டை என்று இரண்டு உருண்டை கூடுதலாகத் தள்ளி இடித்திருந்தேன். அதை மறுபடி மூடினேன். இதைப் பற்றி எனக்கு நகைச்சுவை எதுவும் தோன்றவில்லை, இன்றுவரை.

மறுநாள் காலை மேடம் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கம்பியை வாங்கிக்கொண்டு, கரையில் நட்ட வெள்ளக் குறிக் கல்லில் இருந்து ஒவ்வொரு ஓட்டைக்கும் அளந்துகொண்டே போனார். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் உச்ச உயரம் அந்தக் கல். எட்டு ஓட்டைகள் கல்லுக்கு மேலே இருந்தன. தண்ணீர் அங்கே எட்டாது. பஞ்சுருட்டான்களுக்கு என்னைவிட நன்றாக மட்டம் தெரிந்திருக்கிறது. எட்டையும் மேடம் தாண்டிப் போய்விட்டார்.

ஒன்பதாவதில் நின்றார். அது பஞ்சுருட்டான் இல்லை, வெண்மார்பு மீன்கொத்தி. ஓட்டை வாயில் எச்சம் வெள்ளையாக ஒழுகியிருந்தது, மீன் நாற்றம் அடித்தது. கல்லுக்கு இரண்டு சாண் கீழே, பழனியப்பண்ணா காட்டுக்கு நேராக, கரை மெலிந்த இடத்தில். இடம் தேர்ந்தெடுப்பதில் அந்த மீன்கொத்தி என் சாதி.

“இத அடைச்சே ஆகணும் அன்வர்.”

“குஞ்சு பறக்கட்டும் மேடம். பத்துப் பன்னெண்டு நாள்தான்.”

“கோடை மழை வந்தா?”

பழனியப்பண்ணா மேலே நின்றுகொண்டிருந்தார். “நேத்து மம்பட்டி புடிச்சவன்தானுங்க நானு. பாவந்தான், ஒத்துக்கறேன். அதுக்குன்னு ஒத்தக் குருவிக்காக என்ற காட்ட ஓடைக்கு எழுதிக் குடுக்க முடியுமுங்களா? பாய் நல்லவரு. ஆனா தண்ணி நல்லவரு கெட்டவருன்னு பாக்காதுங்க.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. இருந்தும், “நான் அடைக்க மாட்டேன் மேடம்” என்றேன். சொன்னது நான்தானா என்று திரும்பிப் பார்க்காத குறை.

மேடம் குடையைக் கை மாற்றினார். “எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். கரை மேலேயே, பழனியப்பண்ணாவின் முதுகைப் பலகையாக வைத்து: ‘இந்த ஓட்டையைக் குஞ்சு பறக்கும் வரை அடைக்க மாட்டேன். ஓட்டையைச் சுற்றி மணல் மூட்டையால் அரைவட்டக் கரை போடுகிறேன். தினமும் இருவேளை பார்ப்பேன். கரை உடைந்தால் நானே பொறுப்பு. அன்வர், கரைக்காவலர்.’ கையெழுத்து போடும்போது, “குத்தாதீங்க பாய், கூசுது” என்றார் பழனியப்பண்ணா.

அன்று மாலை சேலத்துக்குப் போய், அத்தாவுக்குப் பிறகு சாக்குக் கடையைப் பார்த்துக்கொள்ளும் என் அண்ணனிடம் நாற்பது சாக்குக் கேட்டேன். “சாக்கு வேணாம்னு ஓடுன தொரை சாக்கு கேட்டு வந்திருக்காரு, எல்லாரும் வந்து பாருங்க” என்று கடைப் பையன்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டுத்தான் கொடுத்தான். மறுநாள் முழுக்க மணல் அள்ளிக் கட்டி, ஓட்டைக்கு முன்னால் ஓடைப் பக்கமாக அரைவட்டம் அடுக்கினேன். மேலே திறந்து விட்டேன். மீன்கொத்தி அந்த வழியாக வந்து போனது. வீடு மாற்றாமல் சுற்றுச்சுவர் கிடைத்துவிட்டது அதற்கு.

ஞாயிறு சாயங்காலம் ஜருகுமலைப் பக்கம் மின்னல் வெட்டியது. மேடம் கேட்ட கோடை மழைதான்.

திங்கள், விடிந்தும் விடியாமலும் போய்ப் பார்த்தேன். ஓடை கலங்கலாக, வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் மூட்டைகளின் பாதி உயரத்துக்கு வந்திருந்தது, ஏறிக்கொண்டும் இருந்தது. அரைவட்டம் நின்றது. ஆனால் நடுவில் இரண்டு மூட்டைகளுக்கு இடையில் கட்டை விரல் தடிமனுக்குத் தண்ணீர் உள்ளே பீய்ச்சியது. உள்ளே நிரம்பினால் நேராக ஓட்டைக்குள் போகும். ஓட்டைக்குள் போனால் குஞ்சு போகும், அதற்குப் பின்னால் கரை போகும், கரைக்குப் பின்னால் மரவள்ளி போகும், எல்லாவற்றுக்கும் பின்னால் நான் கையெழுத்து போட்ட காகிதம் என்னைத் தேடி வரும்.

களிமண் பிசைய நேரம் இல்லை. வேறு எதுவும் கையில் இல்லாததால், ஓடையில் இறங்கி, அந்த இடுக்கில் முதுகை வைத்து அழுத்தி உட்கார்ந்துவிட்டேன். மார்பு வரை தண்ணீர். பீய்ச்சல் நின்றது. ஓட்டை அடைப்பதில் நான் கெட்டிக்காரன் என்று முன்பே சொன்னேன்.

“பழனியப்பண்ணோவ்!”

அவர் ஏற்கெனவே காட்டில்தான் இருந்தார். அவரும் தூங்கியிருக்க மாட்டார். என்னைப் பார்த்ததும் மம்பட்டியோடு ஓடி வந்தார். அரைவட்டத்தின் உள்பக்கமாக இறங்கிக் களிமண்ணை மூட்டை இடுக்கில் அப்பத் தொடங்கினார். “அசையாதீங்க பாய். அசைஞ்சீங்கன்னா அத்தனையும் கரைஞ்சு போயிரும்.”

அப்போதுதான் அது வந்தது. நீரோட்டத்தோடு, தலையை மட்டும் தூக்கிக்கொண்டு, வளைந்து வளைந்து, என்னை நோக்கி.

“அண்ணா. பாம்பு.”

எட்டிப் பார்த்தார். “தண்ணிப் பாம்புங்க. கடிச்சாலும் ஒண்ணும் ஆவாது.”

“அது தண்ணிப் பாம்புன்னு அதுக்குத் தெரியுமாண்ணா?”

“சித்த சும்மா உக்காருங்க பாய்!”

என் வாழ்க்கையில் எழுந்து ஓடுவதற்கு அதைவிட நல்ல காரணம் கிடைத்ததில்லை. தெரிந்த துஆக்கள் அத்தனையும் ஓதினேன். பாதியில் பயணத்துக்கு ஓதுவதும் சாப்பாட்டுக்கு ஓதுவதும் கலந்துவிட்டது. பாம்பு என் வலது தோளுக்கு ஒரு முழம் தள்ளி வந்து, மூட்டைமேல் தலையை வைத்து இளைப்பாறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் எழவில்லை. இதை மட்டும் யார் வேண்டுமானாலும் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் கேட்கட்டும். எழவில்லை.

கண்ணைத் திறந்தபோது பாம்பு இல்லை. கரைமேல் கறுப்புக் குடை நின்றது. அதன் கீழே மேடம். பக்கத்தில், ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி.

“யாருய்யா அது ஓடைக்குள்ள?” என்றார் பெரியவர்.

எழுந்து சலாம் போட வேண்டும் என்று உடம்பு தானாகவே அசைந்தது.

“எந்திரிக்காதீங்க அன்வர்!” என்றார் மேடம். குரலை உயர்த்தி. அதை எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் மீன்கொத்தி வந்தது. அலகில் ஒரு குறவை மீன். எதிர்க்கரைக் கருவேல மரத்தில் உட்கார்ந்து, இரண்டு அதிகாரிகள், ஒரு விவசாயி, தண்ணீரில் ஒரு கரைக்காவலர் என்று எங்கள் நாலு பேரையும் பார்த்தது. பிறகு எங்களை மதிக்காமல், என் தலைக்கு ஒரு சாண் மேலே, அந்த நீலத்தை அப்படியே வீசிக்கொண்டு, நேராக ஓட்டைக்குள் போயிற்று. உள்ளே சண்டைச் சத்தம் கேட்டது. பசித்த பிள்ளைகள் போடும் சத்தம்.

முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் ஏறுவது நின்றது. கரை நின்றது. மரவள்ளியில் ஒரு குச்சி சாயவில்லை. என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இந்த முட்டிகளின் கதை அன்றைக்குத்தான் தொடங்கியது என்று டாக்டரிடம் சொல்வேன். அவர் நம்புவதில்லை.

அந்த வாரமே மெமோ வந்தது. அடைத்த ஓட்டைகளைத் தன்னிச்சையாகத் திறந்தது ஏன், ஆய்வுக்கு முன் அடைக்காதது ஏன் என்று மூன்று பத்தி. அலுவலகத்தில் எல்லோரும் மன்னிப்பு எழுதச் சொன்னார்கள். ஒரு பக்கத்துக்கு மாதிரிகூடத் தயார் செய்து கொடுத்தார்கள். நான் ஒரே வரி எழுதினேன்:

‘உள்ளே ஆள் இருந்தது.’

மேடம் அதைப் படித்தார். திருத்தச் சொல்வார் என்று நின்றேன். அதன் கீழேயே எழுதினார்: ‘பணியாளர் கூறுவது உண்மை. நேரில் பார்த்தேன்.’ கையெழுத்து போட்டு மேலே அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு மேலிருந்து எதுவும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் ஓட்டை காலியாக இருந்தது. கம்பி விட்டுப் பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன், காது வைத்துக் கேட்டேன், பிறகு அடைத்தேன். மேடம் வந்து குத்திப் பார்த்தார். கம்பி இறங்கவில்லை. தாண்டிப் போய்விட்டார்.

செல்விக்குப் போனில் இவ்வளவையும் சொல்ல முடியவில்லை. வெள்ளக் குறியையும் சாக்கையும் மெமோவுக்கு எழுதிய அந்த ஒரு வரியையும் சொன்னேன். “ஆப்ல காரணம் எழுத எடமே இல்லீங்களே பாய்” என்றார்.

நேற்றுக் காலை கரைக்குப் போயிருந்தேன். செல்வி சரிவில் குந்தி உட்கார்ந்து, ஓட்டைக்கு நேராகப் போனை நீட்டிக்கொண்டிருந்தார். ஆப் போட்டோ கேட்கிறதாம். ரொம்ப நேரம் காத்திருந்து எடுத்தார். இருட்டான ஓட்டை வாயில் சின்னச் சின்னதாக மூன்று அலகுகள். அதை ஏற்றினார். அடைக்கப்பட்டதா என்று ஆப் கேட்டது. இல்லை என்று அழுத்தினார். மேப்பில் சிவப்புப் புள்ளி ஒன்று வந்து உட்கார்ந்தது. அடுத்த ஓட்டைக்கு நகர்ந்தோம். மதியத்துக்குள் கரட்டோடையில் பதினோரு புள்ளிகள்.

செல்வியின் போன் அடித்தது. மேலே இருந்துதான். எடுத்து, “ஆமாங்க சார்,” என்றார். “இல்லீங்க சார்.” என்னை ஒரு முறை பார்த்தார். “உள்ள ஆள் இருக்குதுங்க சார்.”